அமெரிக்கா பெரியாளாகாத லண்டனில் ஒரு தமிழ்க்கடை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே என்னை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, "இதில அமெரிக்கா எங்கயெல்லாம் ஒளிஞ்சிருக்கெண்டு பிடி, பார்ப்பம்" என்றார் ரவி அண்ணை.

ரவி அண்ணை எங்கள் கேம் ஸ்டூடியோவின் முதலாளி. லூயிஷாமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க எங்கள் கேமுக்காக வரைந்த லண்டன் தெருக்கள். அந்தக் கேமின் உலகத்தில் அமெரிக்கா வல்லரசாகவே ஆகவில்லை. அதன் மாநிலங்கள் ஒன்றோடொன்று கடைசிவரை ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம், தனி அகலத்தில் ரயில் பாதை. ஒரு மாநில எல்லையில் கோதுமையை இறக்கி அடுத்த மாநில வண்டியில் ஏற்றவே அவர்களுக்குப் பொழுது போய்விடுகிறது. பெரிய நாடுதான், ஆனால் தன் பாட்டில் இருக்கிற நாடு. அப்படியானால் இன்றைய லண்டன் எப்படி இருக்கும்? எங்கள் வேலை அந்தக் கேள்விதான்.

நான் வரலாறு படித்துவிட்டு, ஹீத்ரோ விமான நிலையத்துக் கடையொன்றில் வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டிருந்தவள். ஹவுன்ஸ்லோவிலிருந்து லூயிஷாமுக்கு வர லண்டனைக் குறுக்கே வெட்ட வேண்டும். ஆனாலும் அன்று அரை மணி முன்னதாகவே வந்து நின்றேன். படங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடுக்கினேன்: ஜீன்ஸ், பேஸ்பால் தொப்பி, பர்கர் கடை, சினிமா போஸ்டரில் இருக்கும் ஹாலிவுட் முகவெட்டு.

"கெட்டிக்காரி" என்றார் ரவி அண்ணை. பிறகு ஸ்டூடியோவின் சட்டத்தைச் சொன்னார். அங்கே அதற்குப் பெயர் மூன்று ஏன். கேமில் ஒரு தேநீர்க் கோப்பை வைப்பதானாலும், "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒரு அட்டை எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். அதற்கும் ஒரு ஏன். மூன்றாவது பதிலில் அமெரிக்க வல்லரசு வந்து நின்றால் பொருளைத் தூக்கிவிட வேண்டும். ஒருவருக்கும் விலக்கு இல்லை, முதலாளிக்கும் இல்லை.

2. மிளகாய்

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு உற்சாகம் இருக்குமே, எனக்கு அது கொஞ்சம் அதிகம். முதல் கிழமையிலேயே கேமின் சமையலறைகளிலிருந்து மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்தானே!

எங்கள் புரோகிராமர் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். திரையைப் பார்த்து நாற்காலியோடு திரும்பினார்.

"ஏங்க ஆரணி, மிளகாய எங்கங்க காணோம்?"

"அது அமெரிக்காவிலயிருந்து வந்தது, கார்த்திக்."

"அது கொலம்பஸ் காலத்துல வந்ததுங்க! நம்மூருக்கு போர்ச்சுகீஸ்காரன் கொண்டாந்தான். வல்லரசுக்கும் மிளகாய்க்கும் என்னங்க சம்பந்தம்? மிளகா இல்லாத உலகத்துக்கு நான் கோட் எழுத மாட்டேன், சொல்லிட்டேன்."

மிளகாய் திரும்பி வந்தது. அடுத்த நாள் அவருக்கே ஆப்பு. கேமில் எதைச் செய்தாலும் கடைசியில் வரும் ஓகே பட்டனுக்கு நான் அட்டை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லே அமெரிக்காவில் பிறந்தது. "அப்போ ப்ளேயர் எதைத்தான் அழுத்துவான்?" என்று தலையில் கைவைத்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாப் பட்டன்களையும் மாற்றினார். தமிழ்ப் பதிப்பில் அது 'சரி' ஆனது.

ரவி அண்ணையும் தப்பவில்லை. கேமில் வரும் தமிழ் வீட்டில் கோதுமை மாப் புட்டு இருந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த மாவுக்குப் பெயரே அமெரிக்கன் மா. மூன்றாவது ஏனில் கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை வந்து நின்றது.

"அப்ப என்ர புட்டு?" என்றார்.

"அரிசி மா அண்ணை. சிவப்பரிசி."

"தின்னுறதுக்கும் அட்டை எழுத வைச்சிட்டாள்" என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார்.

3. தெரு

ப்ரொபேஷன் காலத்தில் எனக்கென்று ஒரு தெரு தந்தார்கள்: கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கடைத்தெரு. அதன் நடுவில் ஒரு தமிழ்க்கடை. ப்ளேயர் ஒரு பொதியைத் தேடிவந்து அந்தக் கடைக்காரரோடு கதைக்க வேண்டும். கதை அங்கேதான் திரும்பும். எங்கள் கேமுக்கு முதல் போடும் பப்ளிஷர் கம்பெனி, முதல் பார்வைக்குக் கேட்டிருந்ததும் இந்தத் தெருவைத்தான்.

கடைக்காரருக்குக் குரல் கொடுக்க நான் பிடித்துவந்தவர் சிவம் அண்ணை. ஃபாரஸ்ட் கேட்டில் உண்மையாகவே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மரக்கறி லொறிக்காரனோடு அவர் கதைத்தால் தெருவின் மறுமுனைக்குக் கேட்கும். ஒலிப்பதிவுக்காகப் போர்வை தொங்கவிட்ட எங்கள் சின்ன அறையில் நின்று, "நான் இந்த நாட்டுக்கு வரேக்க கையில ஒரு பைதான் தம்பி" என்று அவர் பேசிய வசனம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நான் கேமில வாறன், தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ரவி அண்ணை என்னைக் கூப்பிட்டார். மேசையில் கடையின் அட்டை கிடந்தது.

"இந்த ஆள் ஏன் லண்டனில நிக்கிறான்?"

"அகதியாய் வந்தவர்."

"ஏன் வந்தவன்?"

"சண்டையால."

"எங்கட கேமில இலங்கையில சண்டை நடக்கேல்லை, பிள்ளை. கதையை வாசிச்சனியோ இல்லையோ? பிரிட்டிஷ்காரனை அவசரப்படுத்த ஒரு அமெரிக்கா இல்லை. அவன் மெல்ல மெல்லத்தான் விட்டுட்டுப் போறான். இலங்கை மாகாணங்களின்ர கூட்டாய் வருது. ஆரும் ஓடேல்லை. பிறகென்ன அகதி?"

"அது வரலாறோ, உங்கட ஆசையோ அண்ணை?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது. அவர் பதினைந்து வயதில் தனியாக வந்தவர்.

"என்ர கேம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்த லண்டனில நானும் இல்லை, நீயும் இல்லை. கடையைத் தூக்கு. இல்லாட்டி வேற மூண்டு ஏன் கொண்டு வா. பப்ளிஷர் ஆக்கள் வாறதுக்குள்ள வேணும். தெரு நிக்காட்டி உனக்குக் குடுக்க என்னட்ட வேற வேலையும் இல்லை. அதையும் இப்பவே சொல்லுறன்."

ஹீத்ரோக் கடை மேனேஜரின் நம்பரை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அன்று ரயிலில் அதை எடுத்துப் பார்த்தேன்.

4. வேறு மூன்று ஏன்

விடை என்னவோ கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அதுவரை நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். எடுத்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று யோசிக்கவில்லை. சண்டைக்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணத்து ஆட்கள் மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக, கந்தோர் என்கிற அலுவலகங்களில் கிளார்க்காக. யாரும் துரத்தவில்லை, உத்தியோகத்துக்குப் போனார்கள்.

டொலர் உலகப் பணமாகாத உலகத்தில் பிரிட்டிஷ் பவுண் அந்த இடத்தில் இருக்கும். பவுண் இருந்தால் லண்டனில் கந்தோர்கள் நிறையும். கந்தோர் நிறைந்தால் கிளார்க் வேண்டும். கிளார்க்குகள் குடியிருக்கிற தெருவில் யாராவது ஒருவர் மிளகாய்த்தூள் விற்றே தீருவார்.

அட்டையை ரவி அண்ணை இரண்டு தரம் வாசித்தார். "அப்ப நாங்கள் கோட் சூட் போட்டு, டிக்கெட் எடுத்து வந்து இறங்கியிருக்கிறம்" என்றார். "சரி, கடை நிக்கட்டும். ஆனா அந்த ஆள் இப்ப வேற ஆள். வசனம் முழுக்க மாத்து."

மாற்றினேன். கையில் ஒரு பையோடு வந்தவர் போனார். ஊருக்குப் போய்வந்துகொண்டிருக்கும், ஒன்றையும் இழக்காத ஒருவர் வந்தார். "தம்பி குடும்பம் வாற கிழமை ஊரிலயிருந்து வருது. ஏர்போட்டுக்குப் போகோணும்" என்று சும்மா ஒரு வசனம் எழுதினேன். வேறு ஒன்றும் நினைத்து எழுதவில்லை.

5. ஞாயிறு

மறு ஒலிப்பதிவுக்குச் சிவம் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையை வேலைக்காரப் பெடியனிடம் விட்டுவிட்டு வந்தார். தாளை வாங்கி வாசித்தார். தம்பி வசனத்தில் சற்று நின்றார். பிறகு மைக்குக்கு முன்னால் போய் ஒரே தரத்தில் சொன்னார். ஏர்போட்டுக்குப் போகப் பிந்திவிட்ட மனிதனின் அவசரம் அப்படியே குரலில் இருந்தது.

"இவன்ர தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"பேர் வைக்கேல்லை அண்ணை. திரையில வரமாட்டார்."

"வந்தாலென்ன வராட்டியென்ன, பேர் இல்லாமல் ஒரு தம்பியோ? குமரன் எண்டு வை."

வைத்தேன். அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதை அந்தப் பெயரிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். மேலே கேட்கவில்லை.

வசனத்துக்கு வசனம் போனை எடுத்துக் கடைக் கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பார் இவனை, தேங்காய்ப் பெட்டிக்கு மேல இருந்து போன் நோண்டுறான்!"

"ஞாயிறாவது பூட்டலாமே அண்ணை. ஏன் துறக்கிறியள்?"

"சனம் வரும்."

"அந்தச் சனம் திங்கள் வராதோ?"

"வரும்தான். எங்க போகப் போகுது?"

"அப்ப ஏன்?"

வேலைப் பழக்கத்தில்தான் மூன்றாவது ஏனையும் கேட்டுவிட்டேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சும்மா வீட்டில இருந்தா யோசினை வரும் பிள்ளை."

ஒலிப்பதிவு முடிந்து அவர் போன பிறகும் அந்த அறையிலேயே இருந்தேன். மாவை எடுத்தோம், ஓகேயை எடுத்தோம், ஜீன்ஸை எடுத்தோம். கடை ஏழு நாளும் திறந்திருக்கும் என்பதை மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை. ரவி அண்ணையும் கேட்கவில்லை. லண்டனில் தமிழ்க்கடை என்றால் அது திறந்திருக்கும். அதற்கு யார் அட்டை எழுதுவார்கள்? ஆனால் எங்கள் கேமின் கடைக்காரருக்கு அந்த யோசனைகள் இல்லையே. அவர் ஏன் ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டும்?

பொதி தேடிவரும் காட்சி நடப்பதோ ஞாயிற்றுக்கிழமை.

6. பப்ளிஷர்

"உனக்கென்ன விசரே?" என்றார் ரவி அண்ணை. "பார்க்க வாறதே அந்தக் கடையை. அதைப் பூட்டி வைச்சுக் காட்டுறதோ? உன்ர வேலையும் அதுக்குள்ளதான் கிடக்குது, மறந்திட்டியே?"

"மூண்டு ஏன் கேளுங்கோ அண்ணை."

கேட்டார். சிவம் அண்ணை சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். ரவி அண்ணை யன்னல் பக்கம் திரும்பி, கீழே ரயில் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஸ்டூடியோவுக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பூட்டு" என்றார்.

சிவம் அண்ணையிடம் போனிலேயே இன்னொரு வசனம் வாங்கினேன்; எந்தக் காட்சிக்கு என்று அவர் கேட்கவில்லை. கார்த்திக் ஷட்டரை இறக்கினார். கடைக்கு மேல் மாடி யன்னலைத் திறந்துவைத்து, உள்ளே பாத்திரச் சத்தம், பிள்ளைகளின் சிரிப்பு எல்லாம் சேர்த்தார். "வாசல்ல ஒரு பெஞ்ச் போடறேங்க. காத்திருக்கறவன் எங்க உக்காருவான்?" என்றார்.

பப்ளிஷர் கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு மான்செஸ்டர்க்காரப் பெண். கண்ட்ரோலரை வாங்கி, தெருவில் நடந்து, கடையை அடைந்து, பட்டனை அழுத்தினார். ஷட்டர் அசையவில்லை. மாடியிலிருந்து சிவம் அண்ணையின் குரல் இறங்கியது: "இண்டைக்குப் பூட்டு! நாளைக்கு வாங்கோ! தம்பி வந்திருக்கிறான்!"

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது பக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பக் என்றால் புரோகிராமில் வரும் பிழை. இல்லை என்றேன். அட்டையைப் பார்த்து மூன்று ஏன்களையும் சொன்னேன். அவர் திரைக்குத் திரும்பி, கேமில் தன் ஆளை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தார். மாடியில் யாரோ சோறு போடச் சொன்னார்கள். யாரோ குமரனைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போன ரவி அண்ணை, தேநீர் இல்லாமலே வெகுநேரம் கழித்து வந்தார்.

தெரு நின்றது. நானும் நின்றேன். ஹீத்ரோ நம்பரை அன்றைக்கே அழித்தேன்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வல்லரசை வரலாற்றிலிருந்து எடுப்பதென்றால் முதலில் அலுமாரிகளைத்தான் பார்ப்பீர்கள். பாருங்கள், அதுவும் வேண்டும். ஆனால் அந்த உலகத்து மனிதர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துவிடுங்கள். மாறிப்போன உலகம் அங்கேதான் குடியிருக்கும்.

கேம் வெளியான பிறகு "கடை திறக்கவில்லை" என்ற முறைப்பாடு இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. கார்த்திக் எல்லாவற்றையும் எனக்கே அனுப்புவார். 'பிழை இல்லை' என்று எழுதி மூடுவேன். ஒன்று மட்டும் போனில் வந்தது.

"பிள்ளை, மருமகன் உன்ர கேமைப் போட்டுத் தந்தவன். கடை துறக்குதில்லை! என்ர கடை எனக்கே துறக்குதில்லை!"

"அதில அண்டைக்கு ஞாயிறு, சிவம் அண்ணை. தம்பி வந்திருக்கிறார்."

அந்தப் பக்கம் பார்கோட் மெஷினின் பீப் சத்தமும், பை வேண்டுமா என்று பெடியன் யாரையோ கேட்பதும் கேட்டன.

"ஓம் ஓம்... அப்ப பூட்டியே இருக்கட்டும்" என்றார். "சரி பிள்ளை, வைக்கிறன். கடையில சனம்."

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.