வருகைத் தாள்

முகத்துவாரத்துப் பாடசாலை மண்டபத்தில், அந்தப் பகுதியைப் புதுப்பிப்பது பற்றி அதிகாரிகள் சனங்களோடு கூட்டம் வைத்தார்கள். வீடுகளை உடைத்து, எல்லோரையும் மாடிக் குடியிருப்புக்கு அனுப்புவதுதான் திட்டம். சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்க்க நான் போயிருந்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மீன்பிடிக்கிறவர். வெயிலில் செம்பட்டையான தலைமயிர், கழுத்தில் மரச் செபமாலை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் சுவரோரமாகவே நின்றார். வருகைத் தாளை நீட்டியபோது இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

“வந்ததுக்கு மட்டும்தான் இந்தக் கையெழுத்து, ஐயா” என்றேன்.

“பக்கத்து வீதிச் சனமும் வந்ததுக்குத்தான் வச்சது, தம்பி. பிறகு பார்த்தா, வீடு உடைக்கச் சம்மதம் எண்டு அந்தத் தாளைத்தான் காட்டினாங்க.”

அன்றைக்குக் கேள்வி கேட்டவரும் அவர் ஒருவர்தான். “எட்டாம் மாடியில வலைய எங்க விரிச்சுத் தைக்கிறது?” நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

கூட்ட அறிக்கையைத் தமிழாக்கும் வேலையும் என்னிடமே வந்தது. வருகைத் தாள் சம்மதக் கடிதத்தின் பின்னால் கோர்க்கப்பட்டிருந்தது. அவர் சொன்னது சரி. ஆனால் அவருடைய கேள்வியைக் காணவில்லை. அதிகாரியிடம் விசாரித்தேன்.

“அந்த ஆள் வந்ததுக்குக் கையெழுத்து இல்லையே” என்றார் அவர், சிங்களத்தில், மரியாதையாகவே.

‘கேள்விகள், ஆட்சேபங்கள்: எதுவும் இல்லை’ என்று தமிழில் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.