குதிரை நான்கு, ஆள் இரண்டு

நாற்பத்தொன்று. கதாநாயகி குதிரைமேல் வரும் ஷாட்டுகள் படத்தில் மொத்தம் அவ்வளவு. முகம் நெருக்கத்தில் தெரிகிற மூன்றில் மட்டும் நிஜமாகவே கதாநாயகி இருக்கிறார். அந்த மூன்றும் பின்னால் பச்சைத் துணி கட்டி, மரக்குதிரைமேல் உட்கார வைத்து எடுத்தவை. மீதி முப்பத்தெட்டிலும் இருப்பவர் தாட்சாயணி. வயது முப்பத்தொன்று. ஆந்திராவில் நாராயணவனத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் வேர்க்கடலைக் காடுமாக உள்ள ஒரு சின்ன ஊர்.

படம் கௌபாய் படம். சுரங்க முதலாளி ஒருவன் தன் குடும்பத்தைக் கொன்றதற்காக நாகமணி என்ற பெண் தொப்பியும் தோல் கோட்டுமாகக் குதிரையேறிக் கிளம்பி, ஒன்பது பேரைச் சுட்டுப் பழி தீர்க்கிறாள். பாய்ந்து போகிற குதிரையில் கடிவாளத்தை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறாளே, அந்தக் கை தாட்சாயணியுடையது. ஆனால் கம்பெனியின் காகிதத்தில் அது ஒரு ஆணின் கை. பேட்டியில் அது கதாநாயகியின் கை. "ஆறு மாசம் ட்ரெயினிங் எடுத்தேன், டூப்பே கிடையாது" என்று மார்ச் மாதம் அவர் சொன்னதைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

தாட்சாயணி குதிரைக்கு வந்தது முட்டைக்காக. திருப்பதியில் பி.எஸ்சி. சேர்ந்தபோது என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் காலைப் பயிற்சி முடிந்ததும் முட்டையும் வாழைப்பழமும் தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். "மூணாவது நாளு கீழ தள்ளிட்ச்சி. எழுந்து முட்டைய துன்னுட்டு மறுபடி ஏறினேன்" என்கிறார். மூன்று வருடத்தில் தாண்டல், பாய்ச்சல், சேணம் இல்லாத சவாரி எல்லாம் வந்தன. முகாமில் ரைபிள் சுட்டு ஒரு பதக்கமும் வாங்கினார். வீட்டில் அப்பா பக்கிரிசாமிக்கு ஒரே கவலை.

"குதிரை ஏறற பொண்ணுக்கு மாப்ள எங்கேருந்து வருவான்?"

"பின்னாடியே ஓடி வரட்டும் நைனா, வேணும்னா."

படிப்பு முடிந்ததும் குதிரையும் முடிந்தது. ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திருச்சானூருக்குப் போய்விடுவார். அங்கே ரங்கையா கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் நின்றே கிடக்கும் குதிரைகளுக்குக் கால் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஸ்வர்ணமுகி ஆற்று மணலில் ஓட்டிக் கொண்டுவருவது தாட்சாயணியின் வேலை. வேலை என்று அவர் சொல்வதில்லை. ரங்கையாவும் சொல்வதில்லை.

போன ஜனவரியில் படக்குழு நாராயணவனத்துப் பாறைகளுக்கு வந்து இறங்கியது. ரங்கையா நான்கு குதிரைகளைக் கொடுத்தார். பார்த்துக்கொள்ள அவரும் தாட்சாயணியும் போனார்கள். தினசரிக் கணக்குத் தாளில் அது ஒரே வரி: குதிரை 4, ஆள் 2. கீழே ரங்கையா கையெழுத்து.

கதாநாயகிக்கு டூப்பாக வந்தவர் குணா. சென்னைக்காரர், பன்னிரண்டு வருட அனுபவம். மாடியிலிருந்து குதிப்பார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருவார், எரிகிற காரில் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். பெண்களுக்கு ஆண்கள் விக் வைத்து டூப் போடுவது சினிமாவில் நெடுநாள் பழக்கம். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் குணா அதுவரை குதிரை ஏறியதில்லை. மல்லி என்ற செவலைக் குதிரைக்கு அவரையும் பிடிக்கவில்லை, காற்றில் அடித்துக்கொண்ட அந்த விக்கையும் பிடிக்கவில்லை. மூன்று டேக் போனது. மூன்றாவதில் கேமராவுக்கு முன்னால் குதிரை மட்டும் வந்தது. குணா ஒரு வேலிக்காத்தான் புதரில் இருந்தார்.

ஓடிப்போன மல்லியைப் பிடிக்க, தாட்சாயணி பக்கத்தில் நின்ற இன்னொரு குதிரைமேல் சேணம்கூட இல்லாமல் தாவி ஏறிப் பாறைகளுக்கு நடுவே விரட்டிக்கொண்டு போனார். ஸ்டன்ட் மாஸ்டர் திருவேங்கடம் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அந்தக் கோட்டப் போட்டுக்கினு இதையே இன்னொரு வாட்டி ஓட்டுவியா?"

ஓட்டினார். இருபத்து மூன்று நாள் ஓட்டினார். கதாநாயகி இடதுகைக்காரர் என்பதால் துப்பாக்கியை இடது கையால் உருவ வேண்டும் என்றார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு பதினொரு நாள் வீட்டில் பழகினார். இரண்டு முறை விழுந்தார். ஒரு விலா எலும்பில் கீறல் விழுந்தது. கட்டுப் போட்டு, அதன்மேல் கோட்டுப் போட்டு மறுநாளும் ஏறினார்.

தொழிற்சாலையில் அத்தனை நாள் லீவு தரமாட்டோம் என்றார்கள். வேலையை விட்டார். மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்: "சங்கத்துல உனக்குக் கார்டு வாங்கித் தர்றது என் பொறுப்பு." அந்தக் கார்டு இல்லாமல் ஸ்டன்ட் வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். கார்டுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒரு படத்தில் இருபது நாளாவது வேலை செய்ததாக மாஸ்டரின் கடிதம். கம்பெனி அனுப்பும் ஃபைட்டர் பட்டியலில் பெயர்.

மார்ச்சில் தாட்சாயணி நான்கு போட்டோவும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். சங்க அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் பட்டியலைத் தேடி எடுத்து, விரலால் வரிவரியாக இறங்கினார். கதாநாயகிக்கு டூப்: குணா, 23 நாள்.

"உங்க பேரு இல்லியேம்மா. என்னாவா இருந்தீங்க?"

"நான்தான் சார் அந்த டூப்பு."

அவர் அடுத்த தாளைத் திருப்பினார். குதிரை 4, ஆள் 2.

"குதிரைக்காரங்களுக்கு இங்க கார்டு கிடையாதும்மா" என்றார், பரிவோடுதான்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: வழக்கம். ஃபைட்டர் பட்டியல் படப்பிடிப்புக்கு முன்பே கார்டு உள்ளவர்களை வைத்துச் சென்னையில் அடிக்கப்படுகிறது. பிறகு அதை யாரும் தொடுவதில்லை. குதிரையோடு வருகிற ஆள் குதிரைக் கணக்கில் சேர்த்தி. அந்த ஆள் குதிரைமேல் ஏறி உயிரைப் பணயம் வைத்தாலும் கணக்கு மாறுவதில்லை. தினமும் தாளில் கையெழுத்துப் போட்டவர் ரங்கையா, இருவருக்கும் சேர்த்து. அதை ஒருநாளும் வாங்கிப் பார்க்காதது தன் தப்பு என்று தாட்சாயணி ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த இடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். யார் குதிரைமேல் இருந்தது என்று இருநூறு பேருக்கும் தெரியும்.

ரயில் நிலையத்திலிருந்தே குணாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நான் கேக்கல அக்கா. அவங்களே அடிச்ச லிஸ்ட்டு. இப்ப நான் வாயத் தொறந்தா அடுத்த படத்துக்குக் கூப்ட மாட்டாங்க."

மாஸ்டர் போனை எடுக்கவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் கிரண்குமார் எடுத்தார், ஒவ்வொரு முறையும் எடுத்தார், ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றார். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. கதாநாயகியின் பேட்டி தாட்சாயணியின் போனுக்குத் தானாகவே வந்து வந்து விழுந்தது.

மே மாதம், திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை முடிந்த வாரம், கிரண்குமார் தானாகவே கூப்பிட்டார். கடைசிச் சண்டையில் ஒரு ஷாட் பாக்கி. இரண்டு பாறைகளுக்கு நடுவே குதிரை பாய்ந்து வரும்போது நாகமணி ஒரு பக்கமாகச் சரிந்து, குதிரையின் கழுத்துக்குக் கீழிருந்து சுட வேண்டும். மல்லியைக் கொண்டு வர முடியுமா, கூடவே தாட்சாயணியும் வர முடியுமா என்று கேட்டார். கேட்ட வரிசை அதுதான்.

ரங்கையாவும் தாட்சாயணியும் மல்லியோடு போனார்கள். மதியம் மூன்று மணி. கோட்டும் தொப்பியும் தயாராக இருந்தன. தாட்சாயணி கோட்டை வாங்கவில்லை.

"மொதல்ல லிஸ்ட்டு சார்."

திருப்பதிக்காரரான கிரண்குமார் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர். "சூடம்மா, பாரும்மா, லைட்டு போய்க்கினு இருக்குது. அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"ரெண்டு மாசமா ஆபீஸ்லதான் பேசிக்கினு இருக்கேன்."

"சரே. இன்னிக்கு ஒரு நாளைக்கு ஃபைட்டர்னு போட்டுத் தரேன்."

"ஒரு நாள வெச்சிக்கினு நான் என்னா பண்றது? இருவது நாளு கேக்கறாங்க. நான் இருவத்து மூணு நாளு உழுந்து எழுந்திருக்கேன்."

"அந்த நாளுக்கெல்லாம் குணா பேரு போயிட்ச்சி. இப்ப மாத்தினா எங்களுக்கு அசிங்கம்."

"எனக்கு?"

கிரண்குமார் சிரித்துப் பார்த்தார். "இதுல என்னம்மா தப்பு? போன வாரம் ஜாத்திரைல பாக்கலயா? மீசை வெச்சவன்லாம் பொடவை கட்டிக்கினு ஊரச் சுத்தினான். நானே கட்னேன். எவனாச்சும் ஏன்னு கேட்டானா?"

"அது கங்கம்மாவுக்கு வேண்டிக்கினு கட்ற பொடவை சார். கட்னவன் யாரும் நான்தான் கங்கம்மான்னு சர்டிபிகேட்டு கேக்கறதில்ல."

லைட் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரங்கையா பொத்தவில்லை.

தாட்சாயணி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், கார்டு வாங்கித் தரேன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேம்மா."

"எழுதிக் குடுத்தீங்களா?"

திருவேங்கடம் பாறையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எழுதினா சங்கத்துல என்னக் கேப்பாங்க. கார்டு இல்லாத ஆளை எப்டி ஏத்தினேன்னு."

"ஏத்தினது நீங்க. உழுந்தது நானு. கேள்விக்காச்சும் நீங்க பதில் சொல்லுங்க."

கார்டு இல்லாதவர் வேலை செய்யக் கூடாது. வேலை செய்யாதவருக்குக் கார்டு இல்லை. இந்த ஓட்டையில் மாஸ்டர் வேலையை வாங்கிக்கொண்டார், கம்பெனி ஷாட்டை வாங்கிக்கொண்டது. உள்ளே விழுந்தது ஒருவர்தான்.

குணாவுக்கு விக் வைத்தார்கள். அவரும் வந்திருந்தார், வரச் சொல்லியிருந்தார்கள். ரங்கையா மல்லியைப் பிடித்துக் கொடுத்தார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, குதிரைக்கு வாடகை பேசியாகிவிட்டது. முதல் டேக்கில் மல்லி பாறைக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாவதில் குணா சரிந்தார், சரிந்தவர் நிற்காமல் கீழே போய்விட்டார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, விக்கைக் கழற்றி மாஸ்டரின் மடியில் வைத்தார்.

"அண்ணே, என் பேர எடுத்துடுங்க. நாளைக்கு எவனாச்சும் படத்தப் பாத்துட்டு அந்தக் குதிர ஷாட்டு போட்றான்னு கூப்ட்டா, அன்னிக்கு நான் செத்தேன்."

மணி நாலே முக்கால். மைக்கில் இயக்குநர் குரல் வந்தது: "யார் எழுதணுமோ எழுதிக் குடுங்கய்யா. எனக்கு ஷாட் வேணும்."

மாஸ்டர் ஒரு சீன் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தாட்சாயணி வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். அதில் 'குதிரைச் சவாரியில் உதவினார்' என்று இருந்தது. இரண்டாவது தாளில் 'கதாநாயகிக்கு டூப்' என்று இருந்தது, நாள் இல்லை. மூன்றாவதில் நாளும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கிரண்குமார் கேரவனில் போய்த் திருத்திய பட்டியலை அடித்து, கம்பெனி முத்திரை குத்தி, சங்கத்துக்கு மெயிலில் அனுப்பினார். தாட்சாயணியின் போனுக்கும் ஒரு பிரதி வந்தது. அவர் அதை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். பிறகு கீழே இருந்து மேலாக ஒரு முறை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஐந்து இருபதுக்கு மல்லி பாறைகளுக்கு நடுவே வந்தது. மேலே யாரும் இல்லாதது போலத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு இடது கை நீண்டது, துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. ஒரே டேக்.

படம் ஆகஸ்டில் வருகிறது. கதாநாயகி தன் பேட்டியைத் திருத்தவில்லை. சங்கத்தின் குழு ஜூன் ஒன்பதாம் தேதி கூடுகிறது. தாட்சாயணியின் விண்ணப்பம் அன்றைய பட்டியலில் ஏழாவது. கார்டு இல்லாதவரைக் குதிரை ஏற்றியது ஏன் என்று விளக்கம் சொல்லத் திருவேங்கடம் மாஸ்டரையும் அதே நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.