மாட்டுக் கொட்டாயில் தொங்கிய சட்டிகள்

"ஒடஞ்ச சட்டியத் தெருவப் பாக்கத் தொங்க வுட்டா குடும்பம் வெளங்குமாடி? படிச்சிட்டு வந்து இதான் கத்துக்கினியா?"

கேட்டவர் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. கீழத்தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதற்கோ வந்தவர், மாட்டுக் கொட்டாயின் கூரை இறவாரத்தில் நான் உறி கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். நான் முக்காலியிலிருந்து இறங்காமலே, "வெளங்குதா இல்லையான்னு இருந்து பாருங்க பெரியம்மா" என்றேன். அவர் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனார்.

பாகூர் ஏரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புதுச்சேரியில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்து, பிரெஞ்சுக்காரர்களின் செர்த்திபிகா என்ற பள்ளிப் பரீட்சையில் தேறி ஊருக்குத் திரும்பியதும் ஒன்றை முடிவு செய்தேன். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்பா மாடுகளைக் கரும்புக் கொல்லையிலேயே கட்டத் தொடங்கியிருந்ததால் வீட்டை ஒட்டிய கொட்டாய் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டேன்.

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கெடு வைத்தார்.

"ஆடிக் காத்துக்கு முன்னாடி நாலு பொண்ணுங்களாவது வந்து ஒக்காரணும். இல்லன்னா வைக்கோல உள்ள போட்டுடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"அழ மாட்டேன்" என்றேன்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாரும் முகத்தில் அடித்ததுபோல் மறுக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். "சாணி அள்றதுக்குத்தான் வூட்லியே இடம் இருக்குதே, அதுக்கு உன் கொட்டாய்க்கு வேற அனுப்பணுமா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வழி காட்டியது. கொட்டாய், கொட்டாயாகத் தெரியக்கூடாது.

புதிதாக எதையும் வாங்க நான் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டின் பின்புறம் கழித்துப் போட்டவை குவிந்து கிடந்தன. ஏற்றத்தில் இறைத்து இறைத்து அடி ஓட்டையான இரும்புச் சால் ஒன்று இருந்தது. துரு உதிரத் தேய்த்து, மண் நிரப்பி, வாசலருகே வைத்துக் கனகாம்பரம் நட்டேன். ஓட்டை இருந்தது நல்லதாகப் போயிற்று, தண்ணீர் தேங்கவில்லை. நார் பிரிந்த முறங்களின்மேல், ஊறவைத்த காகிதத்தை வெந்தயத்தோடு அரைத்துப் பூசிக் காயவைத்தேன். காகிதம் என்றால் என்னுடைய பழைய நோட்டுகள்தான். எழுத்தை உரலில் போட்டு இடிக்கிறாளே என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாம் மண்டையில இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு இடித்தேன். காய்ந்த முறங்களில் செம்மண் பூசி, சுண்ணாம்பால் ஒன்றில் அகரம், ஒன்றில் ஆகாரம் என்று எழுதிச் சுவரெல்லாம் மாட்டினேன்.

கடலோரத்து நல்லவாட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்கார அம்மாவிடம் கிழிந்த வலை கேட்டேன். "வலை இன்னாத்துக்கு பாப்பா, ஏரியில எறங்கப் போறியா?" என்று கேட்டபடியே மறுநாள் கொண்டுவந்து போட்டார். அதைத் தெருப்பக்கத்துத் திறப்பில் கட்டிச் சங்குப்பூக் கொடியை ஏற்றினேன். வாய் உடைந்த சட்டிகளுக்கு வெள்ளை அடித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தால் வருமே ஒரு சிவப்பு, அதில் வரிவரியாகக் கோடு இழுத்தேன். அறுந்த உறிகளை முடிச்சுப் போட்டு அவற்றில் சட்டிகளை வைத்து இறவாரம் நெடுகத் தொங்கவிட்டேன். சட்டிகளுக்குள் மேசை ரோஜாக் கன்றுகள். பெரியம்மா பார்த்தது இதைத்தான்.

சித்திரை வெயில். முதல் நாளே கன்றுகள் தலை சாய்த்துவிட்டன. மறுநாள் வெள்ளிக்கிழமை, வகுப்புத் தொடங்குவதாக எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தேன். விடியுமுன்பே அம்மாவும் அப்பாவும் கொல்லைக்குப் போய்விட்டார்கள். நான் வேப்பங்கிளைகளை ஒடித்துவந்து, கன்றுகளுக்கு நிழலாக ஒவ்வொரு சட்டியிலும் குடைபோலச் செருகினேன். தள்ளி நின்று பார்த்தேன். பச்சையும் சிவப்பும் வெள்ளையுமாக, கொட்டாய் திருவிழாவுக்குப் போகிற பெண்போல இருந்தது. குளித்து, தலை வாரி, பாய் விரித்து உட்கார்ந்தேன்.

ஒருவரும் வரவில்லை.

தெருவில் போனவர்கள் எதிர்ச்சுவரை ஒட்டி நடந்தார்கள். சிலர் கைகூப்பினார்கள். சட்டிகளைப் பார்த்து வியக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். மீன்கார அம்மா வழக்கமாக எங்கள் வாசலில் கூடையை இறக்குவார். அன்று இறக்காமல், தூர நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருக்கு பாப்பா வாத்துருக்குது? உனக்கா, அம்மாவுக்கா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வாசல் முழுக்க வேப்பிலை. அம்மை கண்ட வீட்டுக்கு எப்படிக் கட்டுவார்களோ அப்படி, அதைவிடவும் அதிகமாக. சட்டிகளில் மஞ்சள் குழைத்த சிவப்புக் கோடுகள் வேறு. இத்தனை வருஷம் படித்தவளுக்கு, கைக்குழந்தைக்கும் தெரிந்த இந்த அடையாளம் தோன்றவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அம்மை இருக்கும் வீட்டார் அப்படித்தானே சொல்வார்கள். மாலைக்குள் செய்தி கீழத்தெரு வரை போயிருந்தது.

அப்பா வந்து பார்த்தார். நான் தொடத் தயங்கி விட்டுவைத்திருந்த வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டார். "சட்டியெல்லாம் எறக்கிடு. ஊரு பயந்துபோச்சு. இனிமே எவ அனுப்புவா? வைக்கோல் போட்டுடலாம்."

"சட்டி எறக்க மாட்டேன்" என்றேன். "ஆடி இன்னும் வரல."

வேப்பிலையை எடுத்ததும் பயம் போய்விடாது. அம்மை இறங்கினாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். வீடு வீடாகப் போய் விளக்கலாம் என்றால், என்னைக் கண்டாலே கதவு சாத்தினார்கள். அம்மை வந்த வீட்டில் செய்யவே செய்யாதது எது என்று யோசித்தேன். தாளிக்கமாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி ஏற்றமாட்டார்கள். மீன் வாசமே கூடாது.

மறுநாள் மீன்கார அம்மாவைத் தெருமுனையிலேயே மறித்து மத்தி வாங்கினேன். கொட்டாய் வாசலில், சட்டிகளுக்குக் கீழே, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். மசாலா தடவிய மீனை நல்லெண்ணெயில் போட்டேன். சத்தம் ஒரு பக்கம், வாசம் ஒரு பக்கம். தெரு முழுக்கப் புகுந்திருக்கும். இரண்டாவது ஈடு போடுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரியம்மா முன்னால், பின்னால் ஏழெட்டுப் பெண்கள், ஒருத்தி கையில் துடைப்பத்தோடு.

"அம்மா வந்திருக்கிற வூட்ல மீனு வறுக்கிறியே, உன் கண்ணு அவிஞ்சிடாதாடி?"

"எந்த அம்மா? எங்க அம்மா கிணத்தடியில துணி தொவைக்குது. போய்ப் பாருங்க." ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, பள்ளியில் அம்மை குத்திய தழும்பைக் காட்டினேன். "எனக்குக் குத்தியாச்சு. முகத்துல ஒரு முத்து இருக்குதான்னு கிட்ட வந்து பாருங்க. வேப்பிலை செடிக்கு நெழலு. அவ்வளவுதான். நான்தான் யோசிக்காம வெச்சுட்டேன்."

துடைப்பக்காரிதான் முதலில் சிரித்தாள். திட்ட வந்தவர்கள் திட்டியபடியே கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். மெழுகிய தரை, சுவரில் எழுத்து முறங்கள், வலைக்குள்ளிருந்து நீலமாகப் பூத்த சங்குப்பூ. எதிர்வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "சாணி நாத்தம் இல்லடி" என்றாள்.

"மீனு நாத்தம்தான் தாங்கல" என்றார் பெரியம்மா. ஆனால் அவர்தான் ஒரு முறத்தைத் தொட்டு, "இதுல இன்னாடி போட்டிருக்குது?" என்று கேட்டார். ஆகாரம் என்றேன். விரலால் அதன்மேல் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நான் கவனித்ததைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஐந்து பெண்கள் வந்தார்கள். துடைப்பக்காரியின் மகளும் எதிர்வீட்டு அக்காவின் மகள்கள் இருவரும் அதில் உண்டு. ஆனி முடிவதற்குள் பாய் போதவில்லை.

ஆடிக்கு இரண்டு நாள் முன்பு அப்பா கொட்டாய் வாசலில் வந்து நின்றார். உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார். "சரி. வந்துட்டாங்க. நான் சொன்னா சொன்னதுதான். மழைக்கு வைக்கோல எங்க போடறது?"

அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன். கிணற்றடியில் விழுந்து கிடந்த பழைய ஏற்ற மரத்தையும் முறிந்த வண்டி நுகத்தடியையும், வகுப்பின் பெரிய பெண்கள் மூவரும் நானுமாகக் காலையிலேயே இழுத்துவந்து, முழ ஆழம் குழி தோண்டி நட்டு, அவற்றுக்கும் கொட்டாயின் பின்சுவருக்கும் குறுக்கே மூங்கில் கட்டி, வைக்கோலுக்கென்று பரண் போட்டுவிட்டிருந்தோம்.