எங்களுக்கும் ஒரு தண்ணீர் முறை

மழை பொய்த்த வருடம் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போனோம். அந்தக் குடியிருப்புக்கு ஒரே கிணறு. தண்ணீர் முறையைப் பிரித்துக் கொடுத்தவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண். மெலிந்தவர். பேசும்போதும் வாளிக்கயிற்றை முறுக்கிக்கொண்டே இருப்பார்.

"இன்னொரு குடும்பத்துக்குத் தண்ணி காணாது," என்றார் அங்கிருந்த ஒருவர்.

"ஆளு கூடுனா தண்ணி கொறையுந்தான். ஆனா குளத்த வெட்டக் கையும் கூடும்," என்று சொல்லி அந்தப் பெண் எங்களுக்கும் ஒரு முறை ஒதுக்கி, எனக்கொரு மண்வெட்டியைத் தந்தார்.

தூர்ந்துபோன குளத்தை எல்லோருமாக ஆழமாக்கினோம். ஒருநாள் அவர் தன் தோட்டத்தில் காய்ந்த கத்தரிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தந்தது அந்தச் செடிகளுக்கான தண்ணீர் முறை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க குடிப்பீங்களா?"

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

மாரியில் குளம் பாதிதான் நிரம்பியது. ஆனாலும் அடுத்த கோடையில் கிணறு வற்றவில்லை. இன்றும் அவரை நினைத்தால் அந்த வருத்தம்தான் முதலில் வருகிறது.