கடைசி வாங்கில் ஒரு பேராசிரியர்

மாவடிப்பள்ளி வயல்வெளிக்குள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். நிஸ்மியா. என்னிடம் முதுதத்துவமாணி ஆய்வு செய்யும் மருதமுனைப் பிள்ளை.

“மிஸ், ஜவாத் சேர் மௌத்தாகிட்டார் மிஸ். சுபஹு தொழுதுட்டுப் படுத்தவராம். எழும்பல்லயாம்.”

அதே மூச்சில் கேட்டாள். “திங்கக்கிழம நான் என்ன செய்ற மிஸ்?”

மனிதர் இறந்த செய்தியோடு இதையா கேட்பாள் என்று சுருக்கென்று கோபம் வந்தது. சற்றுப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று உறைத்தது. திங்கட்கிழமை அவளுக்கு விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை. தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு மாதிரி விரிவுரை செய்துகாட்ட வேண்டும். ஆட்களுக்கு முன்னால் நின்றாலே குரல் அடைத்துப்போகும் அவளை மாதக்கணக்கில் பழக்கிக்கொண்டிருந்தவர் ஜவாத் சேர்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் நான் சொல்லத் தேவையில்லை. அவர் சாய்ந்தமருது, நான் காரைதீவு. அவர் பௌதிகவியல், நான் தாவரவியல். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் எங்கள் இருவருக்கும் நெடுங்காலம் ஒரே அறை. அவர் என்னைத் “தங்கச்சி” என்பார், நான் “சேர்” என்பேன். அந்த மரியாதைகளுக்குள்ளேயே நாங்கள் பிடித்த சண்டைகளுக்குக் கணக்கில்லை.

ஆய்வு மாணவர்களுக்குப் படிப்பிக்கப் பழக்கும் அவருடைய சனிக்கிழமை வகுப்பும் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. முதல் வகுப்பில் சித்தியடைந்த பிள்ளைகளை ஆய்வு மாணவர்களாகச் சேர்த்துக்கொள்வோம். அடுத்த வாரமே கையில் பாடத்திட்டத்தைக் கொடுத்து விரிவுரை மண்டபத்துக்குள் தள்ளிவிடுவோம். எங்களையும் அப்படித்தான் தள்ளிவிட்டார்கள், அதில் என்ன பிழை என்று நான் கேட்டேன். “நமக்குப் படிப்பிக்கத் தெரியாமப் போனதுக்கு அதான் தங்கச்சி காரணம்” என்றார் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தேநீரோடு தின்ன அவர் கொண்டுவந்த வாய்ப்பனைத் தொடவில்லை. ஆனால் சனிக்கிழமை போனேன். விடுதியிலிருந்து தேநீர் ஆசை காட்டிப் பிடித்துவந்த முதலாம் வருடப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு மாணவர் ஒவ்வொருவராகச் சிறிது நேரம் படிப்பிக்க, சேர் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்திருந்தார். படிப்பிப்பவரை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை கொப்பியில் என்ன எழுதுகிறது, எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்துகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பில் ஒரு கேள்விக்குத் தடை இருந்தது. “விளங்குதா?” என்று யாரும் கேட்கக் கூடாது.

“நம்மட புள்ளைகள்கிட்ட வெளங்குதா எண்டு கேட்டா, ஓம் சேர் எண்டுதான் செல்லுங்கள்” என்பார். “அது நமக்குத் தார மரியாத. அத நம்பிக்கிட்டு அடுத்த பாடத்துக்குப் போறவன் மடையன்.”

எங்கள் கிழக்குக் கரையில் இது எவ்வளவு உண்மை என்று உங்களுக்குத் தெரியும். விளங்கவில்லை என்று ஆசிரியரின் முகத்துக்கு நேரே சொல்வது அவரை அவமதிப்பது என்று வீட்டிலேயே பழக்கித்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம். ஆகவே விளங்கியதைக் காட்டும்படியான ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும், கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் இளம் விரிவுரையாளர்கள் தாங்களே விடையைச் சொல்லிவிடுவார்கள். அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. “மனசுக்க ஒரு ஸலவாத்து ஓதுங்க. ஓதி முடியுமட்டும் வாயத் தொறக்காதீங்க.” நபிமேல் ஓதும் அந்த வாழ்த்தை அறியாத பாண்டிருப்புப் பையன் ஒருவன் தயங்கி நின்றான். “மனே, நீங்க உங்கட பிள்ளையாரக் கூப்பிடுங்க. ஆறுதலாக் கூப்பிடுங்க” என்றார். மண்டபமே சிரித்தது.

நிஸ்மியாவின் கதை வேறு. பீடத்தில் அவளைப் போல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பிள்ளை இல்லை. ஆனால் வகுப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு, திரையில் இருக்கிற ஆங்கிலத்தை அப்படியே வாசித்து முடித்துவிட்டு இறங்கிவிடுவாள். இரண்டு முறை அழுதுகொண்டே வெளியே ஓடினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“சேர், அது ஆய்வுக்கென்றே பிறந்த பிள்ளை. ஏன் போட்டு வதைக்கிறீங்க? விடுங்க.”

“அந்தப் புள்ளைக்குப் படிப்பிக்க ஆசையில்ல எண்டா இண்டைக்கே விட்டுருவன். கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். “எனக்கு இஞ்சதான் படிப்பிக்கணும் மிஸ். வேற ஒண்டும் வேணாம்” என்றாள் நிஸ்மியா. அதற்குப் பிறகு நான் குறுக்கே போகவில்லை. சேர் முதலில் புறொஜெக்டரைப் பறித்தார். பிறகு கரும்பலகையையும் பறித்தார். பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, “இருந்து கதைங்க” என்றார். மெல்ல மெல்லக் குரல் வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

ஜனாஸா அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமானது. சனிக்கிழமை, வகுப்பு நடக்கிற அதே நேரத்தில், நிஸ்மியா என்னைத் தேடி வந்தாள். நேர்முகப் பரீட்சைக்குப் போகப் போவதில்லை என்றாள். நான் கெஞ்சினேன், ஏசினேன். அசையவில்லை. வேறு வழி தெரியாமல் சேரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவருடைய மனைவி ஹாஜறா ராத்தா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு தங்கியிருக்கும் இத்தாவில் இருந்தார். சுற்றிவரப் பெண்கள். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை அந்த மனிசிக்கு. நிஸ்மியாவைப் பார்த்ததும், “நீதானா அந்த மருதமுனப் புள்ள?” என்று கேட்டார். “திங்கக்கிழம என்ன படிப்பிக்கப் போறாய்?”

“நான் போகல்ல ராத்தா.”

“போறதும் போகாததும் பொறகு. என்ன பாடம் எண்டு செல்லு.”

உவர் ஏறிய வயலில் நெற்பயிர் தண்ணீருக்குள் நின்றும் ஏன் வாடுகிறது என்பதுதான் பாடம். பிரசாரணம், ஆங்கிலத்தில் ஒஸ்மோசிஸ். நிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டு, பாடமாக்கியதை ஒப்புவித்தாள்.

“எனக்கு வெளங்கல்ல” என்றார் ராத்தா.

எத்தனையோ வருடங்களாக வகுப்புகளில் நான் கேட்டிராத சொல் அது. நிஸ்மியா திகைத்துப்போய் நிமிர்ந்தாள். இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

“இப்பவும் வெளங்கல்ல. உப்பு மண்ணுல கெடக்கு. பயிருக்குள்ள இரிக்கிற தண்ணிய அது எப்படிப் புடுங்கும்?”

நிஸ்மியா யோசித்தாள். பிறகு அவள் பாயில் நகர்ந்து ராத்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ராத்தா, ஊறுகாய்க்குத் தேசிக்காய வெட்டி உப்புப் போட்டு வெச்சா என்ன நடக்கும்?”

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“தண்ணி விடும்” என்றார் ராத்தா. “காய் சுருங்கும்.” கொஞ்சம் பொறுத்து, “அப்ப உப்பு வயலுக்க பயிரும் தண்ணி விடுதா புள்ள?” என்றார்.

“ஓம் ராத்தா. மண்ணுல உப்புக் கூடினா வேர் தண்ணிய எடுக்க ஏலாது. உள்ள இரிக்கிறதும் வெளிய போகப் பாக்கும்.”

மூலையிலிருந்த ஒரு பெண், தன் தகப்பனின் வயலில் இப்படித்தான் நடந்தது என்று சொன்னார். இன்னொருவர் மழைத்தண்ணீர் கட்டிவிட்டால் சரிவராதா என்று கேட்டார். சாவு நடந்த மையத்து வீடு என்பதும் மறந்துபோய் நிஸ்மியா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், கை இரண்டையும் ஆட்டி ஆட்டி. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, இதைப் பார்க்க அவர் இல்லையே என்று விம்மினேன். ராத்தாவின் கண்ணும் நிறைந்திருந்தது. “போட்டு வா புள்ள” என்று மட்டும் சொன்னார்.

போனாள். தேர்வுக் குழுவில் யார் என்ன கேட்டார்கள் என்பதை அவளே ஒருநாள் எழுதட்டும். இடம் கிடைத்தது.

சேரின் புத்தகங்களை வளாக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய மேசையை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவருடன் சண்டை பிடிக்க முடியாத இந்த நாட்கள் எனக்கு வெறுமையாக இருக்கின்றன, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இதை எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நிஸ்மியாவின் வகுப்பு நடக்கிறது. நெடுநேரமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய குரல் இடைக்கிடைதான் கேட்கிறது. மற்ற நேரமெல்லாம் கேட்பது பிள்ளைகளின் குரல். ஒரு பிள்ளை, “எனக்கு வெளங்கல்ல மிஸ்” என்கிறது, கொஞ்சமும் பயமில்லாமல். ஜவாத் சேரில் எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்.