புத்தகம் வைத்திருப்பவள்

போட்டோஸ்டேட் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஈப்போவில் இருந்துகொண்டு சுங்காய், சித்தியவான், தஞ்சோங் மாலிம் என்று மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்க வேனில் போய்வருவேன். பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ், கிளினிக் எதுவானாலும் சிக்கிய காகிதத்தை உருவி, தேய்ந்த உருளையை மாற்றி, ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு நாளில் பத்துப் பேரிடமாவது பேசுவேன். பத்துப் பேரிடமும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. மனைவி பிரிந்து போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தப் பிரிவுக்கு அடுத்த வருடம் ஒரு விளையாட்டுக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். பூட்டு திறந்ததா, வாள் வீச்சு பட்டதா என்பதைப் பகடை முடிவு செய்யும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுவதற்குக் கட்டைவிரல் உயரத்தில் சின்ன உருவங்கள் வேண்டும். பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். நான் காகிதத்தில் செய்தேன்.

தாளும் அச்சு இயந்திரமும் என் தொழிலிலேயே இருந்தன. முதலாளி ஒரு சீனர், நல்ல மனிதர். எதையாவது அச்சிட்டுச் சோதிக்கத்தானே வேண்டும், அது என்ன படமாக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டார். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தலையோடு தலை ஒட்டியபடி கணினியில் வரைவேன். கெட்டித் தாளில் அச்சிட்டு, மை தீர்ந்த பேனா முனையால் நடுவில் கீறி மடித்தால் கோடு பிசகாது. வெள்ளைப் பசை தடவி, தடிமனான அகராதி ஒன்றின் அடியில் வைத்து அமுக்கிவிட்டு, கட்டரால் ஓரம் நறுக்க வேண்டும். நறுக்கிய விளிம்பு வெள்ளையாகத் தெரியும். கறுப்பு மார்க்கரை அந்த விளிம்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் காகிதம் என்பதே மறந்துபோய் ஆள் நிற்பது போல இருக்கும். பாதத்துக்கு இரும்பு வாஷர். ஈப்போ மழைக்குக் காகிதம் வளைந்துகொள்ளும் என்பதால் பிஸ்கட் டின்னில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு போட்டு வைப்பேன்.

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகச்சாயலில் செய்து கொடுத்தேன். கதை நடத்திய மருந்துக்கடைக்காரர், தன் உருவத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதாகச் சொன்னார். அன்று அடைந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தது நினைவிருக்கிறது.

பிறகு கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விளையாட்டு கணினித் திரைக்குப் போனது. திரையில் வட்ட வட்டமான படங்களை நகர்த்தினால் போதும், காகிதத்துக்கு வேலை இல்லை. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் யாரும் மாடிக்குத் திரும்பவில்லை. ஒருவர் சிங்கப்பூர் போனார், ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. மருந்துக்கடைக்காரர் திரையே வசதி என்றார். நாலைந்து வாரம் நானும் திரையில் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

தனியாக ஆடவும் வழி இருக்கிறது. கேள்வியைக் கேட்டுப் பகடையை உருட்டி, விழுகிற எண்ணைப் பட்டியலில் பார்த்தால் பதில் கிடைக்கும். கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள். நண்பரா? இல்லை. நாலு காகித ஆட்களை மேசைமேல் நிறுத்தி, நாலு பேருக்கும் நானே பேசினேன். முதலில் மனதுக்குள். கொஞ்ச நாளில் வாய்விட்டு. வாள் பிடித்தவளுக்கு மெல்லிய குரல், கிழட்டுத் திருடனுக்குக் கரகரப்பு என்று பழகிப்போனது. மூன்று வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

என் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுங்காய்க்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட, அப்பா வேலை செய்த பழைய எஸ்டேட்டை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் இருந்தார். அத்தான் இறந்த பிறகு அவரும் தனிதான். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் முதல் கண்ணுக்கு அறுவை, மூன்று வாரம் கழித்து அடுத்த கண்ணுக்கு என்று தேதி கொடுத்தார்கள். அதுவரை என் வீட்டில் தங்க வந்தார்.

கண்ணில் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, டிவி பார்க்க வேண்டாம். நான் வாங்கி வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் பேச நிறைய இல்லை. பசியாறியாயிற்றா, மருந்து விட்டாயிற்றா, அவ்வளவுதான். சின்ன வயதில் அவர் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததாகச் சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் விடியுமுன்னே ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார், நான் தூங்கி எழுந்து பள்ளிக்குப் போவேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்குவதாக நினைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆட உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"யாருடா அந்தப் பொண்ணு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"போன்ல பேசிக்கிட்டு இருந்தியே. எனக்குக் கேட்டுச்சு. நல்லவளா இருந்தா போதும்லா, என்ன இனம், என்ன மதம்னு நான் கேக்க மாட்டேன்."

கதவு வழியாக என் குரல்களைக் கேட்டிருக்கிறார். அந்த மெல்லிய குரல் நான் போனில் கொஞ்சுவதாகவோ, யாரோ பதில் பேசுவதாகவோ தோன்றியிருக்கிறது. எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டதாக ஒரு மணி நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆபீஸ் விஷயம் என்று சமாளித்திருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வரவில்லை. உள்ளே போய் வாள் பிடித்தவளை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இவளுக்காக நான்தான் பேசினேன் என்றேன்.

அவர் அதை இன்னும் அறுவை செய்யாத கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், விரலால் தடவினார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார், சித்தியவானில் இருக்கும் மாமாவுக்குப் போன் போடப் போகிறார், என்னை எங்காவது மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள் என்றெல்லாம் என் மனம் ஓடியது.

"ஒண்ணும் தெரியலடா. பெருசா செஞ்சு காட்டு," என்றார்.

மறுநாளே ஆபீஸ் இயந்திரத்தில் எல்லா உருவங்களையும் இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து மடித்து ஒட்டினேன். ஒவ்வொன்றாக அவர் முன்னால் நிறுத்தி இது யார், அது யார் என்று சொன்னேன். வாள் பிடித்தவள், திருடன், காட்டில் வழி காட்டுகிறவன், மந்திரக்காரி. எது வேண்டும் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"புத்தகம் வச்சிருக்காளே, அவ."

மந்திரக்காரியின் கையில் திறந்த புத்தகம் ஒன்று இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, வெறும் கோடு என்றேன்.

"அப்படின்னா என் பேர எழுது."

முகத்தையும் அவர் முகமாகவே மாற்றி வரைந்தேன். இரட்டை நாடி, காதோரத்து நரை, கண்ணில் அந்த மூடி. என்னை இவ்வளவு குண்டாகவா போடுவாய் என்று கேட்டார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை. மிக மெல்லிய முனையுள்ள பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதினேன். மூன்றே எழுத்து.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேராக வீடு. அக்கா குளித்து, திருநீறு பூசி, மேசைக்கு முன்னால் தயாராக இருப்பார். அவர் பயந்து பயந்து ஆடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பொய் சொன்ன சத்திரக்காரனுடைய சத்திரத்தைக் கொளுத்தச் சொன்னார். திருடனை நம்பவே மாட்டார், அவனை எப்போதும் முன்னால் நடக்கவிடுவார். பகடையை இரண்டு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி, நெற்றியில் தொட்டுவிட்டு உருட்டுவார். எனக்கு நாலு குரலில் மூன்றுதான் பாக்கி. நாலாவது குரல் எதிரில் இருந்து வந்தது. நான் நினைக்காததையெல்லாம் சொன்னது.

இரண்டாவது வாரம், கதையில் நாங்கள் ஒரு பட்டணத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். காவலாளிக்கு நான் குரல் கொடுத்தேன். அனுமதிக் கடிதம் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டேன், திரும்பிப் போ என்றேன். காசு கொடுக்கலாம், ஏமாற்றலாம், சண்டை போடலாம் என்று வழிகளைச் சொல்லிக் கொடுத்தேன். அக்கா தலையாட்டி மறுத்தார். தன் உருவத்தை எடுத்துக் காவலாளிக்கு நேர் எதிரில் கொண்டுபோய் வைத்தார்.

"இந்தா பாரு, என் புத்தகம். உள்ள என் பேர் இருக்கு. என்னை விடு," என்றார்.

அது என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பகடையை உருட்டச் சொன்னேன். பெரிய எண் விழுந்தது. கதவு திறந்தது என்றேன். அவர் உருவத்தை உள்ளே நகர்த்தவில்லை. மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆறாம் வகுப்பு முடிச்சு, டவுன் ஸ்கூல்ல மொழி பழக ஒரு வருஷம் இருக்குமே, அந்தப் புகுமுக வகுப்புக்குப் புத்தகம் குடுத்தாங்க. இரவல் புத்தகம்தான். எல்லாத்துக்கும் பழுப்புத் தாள்ல அட்டை போட்டேன். உள்ள பேர் எழுதறதுக்குள்ள அம்மா படுத்துட்டாங்க. அப்பா என்னை மரத்துக்கு வரச் சொன்னாரு. புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கப் போனேன். புதுசு மாதிரியே வச்சிருக்கியேன்னு டீச்சர் மெச்சுனாங்க."

அவர் பள்ளியை நிறுத்தியது எனக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு முடியாமல் போனதால் அக்கா வேலைக்குப் போனார் என்று ஒரே வரியில் சொல்லிப் பழகியிருந்தோம். அந்த வரிக்குள் பழுப்புத் தாளும் அட்டையும் இருந்தது தெரியாது. நான் மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது அவர்தான். மடிப்புகள் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். அப்போது அவர் முகத்தை நான் பார்த்ததாக நினைவு இல்லை.

அக்கா, எனக்குத் தெரியாது என்றேன்.

"நீ சின்னப்பிள்ளடா. உனக்கு எப்படித் தெரியும்," என்றார். பிறகு கையை நீட்டி, தன் உருவத்தை வாசலுக்கு உள்ளே வைத்தார். "சரி, உள்ள என்ன இருக்கு, சொல்லு."

பட்டணத்தில் ஒரு நூலகம் இருக்கிறது என்றேன். கதையில் அது கிடையாது. அந்த நிமிடத்தில் நானாகக் கட்டினேன். மூன்று நாள் சாயங்காலம் நாங்கள் அதைவிட்டு வெளியே போகவில்லை. ஒவ்வொரு அலமாரியாக நின்று என்ன புத்தகம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாததற்கு இட்டுக்கட்டினேன்.

இரண்டாவது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. அந்த மூடியையும் எடுத்த பிறகு பழைய அளவு உருவங்களைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் விளிம்பு கறுப்படிக்காமல் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த வார இறுதியில் அவர் மகள் வந்தாள். தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அம்மா இனித் தனியாகச் சுங்காயில் இருக்க வேண்டாம் என்றாள். அக்காவுக்கும் போக ஆசை. எனக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது. பையைக் காரில் ஏற்றினேன். அவருடைய உருவத்தைக் கொண்டுபோகும்படி சொன்னேன். குழந்தை வாயில் போட்டுவிடும், உன்னிடமே இருக்கட்டும், அவளைச் சாக விட்டுவிடாதே என்றார்.

முதல் இரண்டு மாதம் ஞாயிறு தோறும் போன் செய்து கதை எங்கே நிற்கிறது என்று கேட்டார். நான் தனியாக ஆடி, நடந்ததைச் சொன்னேன். மந்திரக்காரிக்கு மட்டும் நான் குரல் கொடுக்கவில்லை. மற்ற மூவரும் பேசுவார்கள், அவள் பேசாமல் உடன் நடப்பாள். பிறகு குழந்தை தவழ ஆரம்பித்தது. கதை கேட்பது குறைந்தது. ஒருமுறை மலைக்கோட்டை வரை வந்துவிட்டோம் என்றேன். எந்தக் கோட்டை என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் குழந்தை அழுதது. அடுத்த வாரம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருத்தம் என்று பெரிதாக இல்லை. அவர் அந்த மூன்று வாரம் பொழுது போகாமல் விளையாடினார். நான் அதைவிடக் கூடுதலாக எதையோ மனதில் வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. புதிதாக ஒரு படகுக்காரனை வரைந்து, மேசையில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார். மகளும் மருமகனும் குழந்தையோடு வெளியே போயிருக்கிறார்களாம். சாப்பிட்டாயா, என்ன கறி, மழையா என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"வைக்காதடா," என்றார். "நான் கீரை ஆயணும். நீ உன் வேலையப் பாரு. அப்படியே இருக்கட்டும்."

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அகராதியின் மேல் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் கீரைத் தண்டு ஒடிபடுகிற சத்தம். தண்ணீர்க் குழாய் கொஞ்சம் ஓடி நின்றது. நான் படகுக்காரனின் துடுப்பை நறுக்கினேன். மெல்லிய பகுதி, கட்டர் சற்று அழுந்தினாலும் துண்டாகிவிடும். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, சோறு பொங்குகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று அவர் வைத்தார்.