நீக்கப்பட்டவர் என்றால் யார்?

போன மாதம் பாறசாலைப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில், உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொண்டேன். சத்தமாக, மனதார. அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கல்லறைத் திருநாள். மாலை நாலு மணி. இந்த வருஷம் இறந்த எங்கள் கோயில் பங்குக்காரர்களின் பெயர்களை ஃபாதர் வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் 'இவருக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே' என்கிறோம். பத்துப் பெயர் தாண்டினால் மனம் எங்கோ போய்விடும்... வாய் தானாகச் சொல்லும். உங்களுக்கும் அப்படித்தானே?

"மேலவிளை ரோசம்மா."

"இவருக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே."

கணவரின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுவந்திருந்த ரோசம்மாக்காவும் சேர்ந்து சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"மக்கா... அது எனக்க பேராக்கும்."

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கே — வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — கையை உருவிக்கொள்ளத் தோன்றியது.

நடந்தது இதுதான். பங்குச் செயலாளர் ஸ்டீபன், ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட்டும்கூட. வாக்காளர் பட்டியல் திருத்தம் முடிந்ததும் கட்சி வாட்ஸ்அப்பில் 'நீக்கப்பட்டவர்கள்' என்று ஒரு லிஸ்ட் வந்தது. இறந்தவர், வீடு மாறியவர், ஆள் இல்லாதவர் எல்லாம் ஒன்றாக. காரணம் எழுதிய கட்டத்தை யாரோ வெட்டிவிட்டார்கள். ரோசம்மாக்கா மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் பாலராமபுரத்தில் இருந்தவர். இங்கே வீடு பூட்டிக் கிடந்தது. பெயர் போயிற்று. அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் ஸ்டீபன் ஃபாதருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மூணு மாசமா ஆளைக் காணல்ல. லிஸ்ட்டுலயும் எடுத்தாச்சு. அடக்கம் மக வீட்டுப் பக்கம்னு நெனச்சேன், அக்கா."

"எடுத்ததுன்னா செத்ததுன்னு உனக்கு யாருலே சொன்னா?"

ஸ்டீபன் போனை எடுத்து லிஸ்ட்டை மறுபடி தேடினார். ஃபாதர் சமாதானம் சொன்னார்: "திருச்சபையில உயிரோட இருக்கவங்களும் இறந்தவங்களும் ஒரே குடும்பந்தானே அம்மா."

"அது சரியாக்கும் ஃபாதர். ஆனா எனக்கு ஓட்டு வேணும். நான் எந்தப் பக்கத்துல நிக்கேன்னு எழுதித் தாருங்க."

மேடையில் 'மக்கள்' என்கிறார்கள், பீடத்தில் 'சபை' என்கிறார்கள். அதில் யார் உண்டு, யார் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டாமா? 'அதுதான் எல்லாருக்கும் தெரியுமே' என்று விடுகிற இடத்தில்தான் ஒரு ஆள் காணாமல் போகிறார். பயமாக இருக்கிறது எனக்கு.

ஃபாதர் எழுதித் தந்தார். 'மேலவிளை ரோசம்மா உயிரோடு இருக்கிறார்.' கையெழுத்து, பங்கு முத்திரை. அதையும் படிவத்தோடு காட்டி, பட்டியலில் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார் அக்கா.

நேற்று வீட்டுக்கு வந்தவர், அந்தத் தாளைப் பர்ஸிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மக்கா, இதுல தேதி ஒண்ணும் போடல்லியே... இது எது வரைக்கும் செல்லும்?"